கத்தரிப்பூ நிறப் பாக்கார்ட்

அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் மடக்கு மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் பொம்மைக் கார் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் கிளிஃபர்ட் ஸ்ட்ரேயர். அவருக்கு வலப்பக்கம் ஹார்லன் பீடில். ஊரில் சவ அடக்க நிலையம் நடத்துபவர், துக்க வீட்டில் பேசுகிற குரலில்தான் எங்கேயும் பேசுவார். அவருக்கு அடுத்து அவர் மனைவி லோயிஸ், டோனட் பெட்டியோடு. இடப்பக்கம், காபிப் பாத்திரத்தை ஒட்டி, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மெர்வின் யோக்கம். மெர்வினுக்கும் கதவுக்கும் நடுவில் லெஸ்டர் கீஃபர், எழுந்து ஓடுவதற்கு வசதி பார்த்து உட்கார்ந்தவனைப் போல. கால்மாட்டில், குறிப்பேட்டோடும் இரண்டு பேனாக்களோடும், செயலாளர் வெர்னா ஓபர்ஹோல்ட்.

இதையெல்லாம் வெர்னா குறிப்பேட்டில் எழுதி முடித்திருந்தாள். பதினான்கு வருஷமாக இப்படித்தான் எழுதுகிறாள். யார் வந்தார்கள் என்பதோடு யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதையும் எழுதி வைக்கிற செயலாளர் ஒஹாயோ முழுக்கத் தேடினாலும் இவள் ஒருத்திதான் என்று மெர்வின் கேலி செய்வான். மேசை நடுவில் இருந்த பொருளை மட்டும் அவள் இன்னும் எழுதவில்லை. அதன் மேல் கிளிஃபர்ட் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தி வைத்திருந்தார்.

அது தன்னுடைய பாக்கார்ட் கார்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆகஸ்டு இருபத்து நான்காம் தேதி கிளிஃபர்ட் வாங்கிக்கொண்டு போனது. பழைய பொம்மைக் கார்களைப் பற்றித் தாம் எழுதிவரும் புத்தகத்துக்குப் படம் எடுக்கவேண்டும், ஒரே வாரத்தில் திருப்பித் தருகிறேன் என்றார். இன்றோடு ஆறு வாரம்.

ஃபேர்டன் வட்டாரச் சங்கத்தில் ஆளுக்கொரு கிறுக்கு உண்டு. மெர்வினுக்கு லாரிகள், ஹார்லனுக்குத் தொழில் தோஷத்தால் சவ ஊர்திகள். வெர்னாவுக்கு அமெரிக்கச் சொகுசுக் கார்கள் மட்டும்: கேடிலாக், லிங்கன், இம்பீரியல், பாக்கார்ட். உள்ளங்கை நீளத்துக்குத் துத்தநாகத்தில் வார்த்துச் சாயம் அடித்த, ஐம்பதுகளில் பிள்ளைகளுக்கென்று விற்ற பொம்மைகள். கார் விற்பனைக் கடையின் உதிரிபாக ஜன்னலில் முப்பத்தொரு வருஷம் நின்றவள் அவள். அந்தப் பெரிய கார்களின் ஒவ்வொரு நட்டும் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. கடைக்கு வெளியே ஒன்றிலாவது ஏறி உட்கார்ந்தவளில்லை. வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இப்போது இருநூற்றுப் பதினாறு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, அட்டையில் எங்கே வாங்கியது, எங்கே சாயம் பெயர்ந்திருக்கிறது, எத்தனை கிராம் என்கிற விவரம்.

பாக்கார்டின் அட்டைதான் எல்லாவற்றிலும் நீளமானது. இங்கிலாந்தில் ஹால்ஸ்டன் கம்பெனி அந்த வண்டியைக் கறுப்பிலும் கிரீமிலும் மட்டுமே செய்தது என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. வெர்னாவுடையது கத்தரிப்பூ நிறம். கனடாப் பக்கம் விண்ட்ஸரில் ஒரு பள்ளிக்கூட விற்பனையில், பழைய பூட்டுகளோடு ஒரு தகர டப்பாவில் கிடந்தது. கூரையில் மூன்று பொட்டுச் சாயம் போயிருந்தது. மற்றபடி அடித்தட்டை உடலோடு சேர்த்துக் கம்பெனி அறைந்த ஆணிமொட்டு இரண்டும் யார் கையும் படாமல் இருந்தன. அவள் இங்கிலாந்துக்குப் பதினொரு கடிதம் எழுதினாள். பன்னிரண்டாவதுக்கு ஹால்ஸ்டன் சாயப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த ஆலர்டன் என்ற முதியவர் பதில் போட்டார். பொம்மைத் தள்ளுவண்டிகளுக்கு வாங்கிய சாயம் ஒரு டின் மிச்சமிருந்தது, வீணாக்க வேண்டாமென்று நாலு டஜன் பாக்கார்டுக்கு அடித்துக் கனடாவுக்கு அனுப்பினோம், அவ்வளவுதான் என்று நடுங்குகிற எழுத்தில் எழுதியிருந்தார். சங்கத்தின் வசந்தகாலக் கண்காட்சியில் அசல் சாயப் பிரிவுக்கான கோப்பை அந்த வண்டிக்குத்தான் கிடைத்தது.

கிளிஃபர்ட் எழுந்து நின்றார். உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். இன்னும் எல்லோரையும் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கிற பிள்ளைகளாகத்தான் பார்ப்பார்.

"நம்ம வெர்னாவுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்," என்று கைக்குட்டையை உருவினார்.

மேசையில் ஒரு கறுப்புப் பாக்கார்ட் நின்றது. மழையில் நனைந்த பூட்ஸ் மாதிரி மினுங்கியது. லோயிஸ் இரண்டு தடவை கைதட்டினாள். மற்றவர்கள் யாரும் தட்டாததைப் பார்த்து டோனட் பெட்டியைச் சரிசெய்வதுபோல் கையை மடக்கிக்கொண்டாள்.

"படம் எடுக்கணும்னுதான் வாங்கினேன். விளக்குல வச்சுப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது பின்னால யாரோ அடிச்ச சாயம்னு. வெர்னா மேல தப்பு சொல்லமாட்டேன். ஆசை கண்ணை மறைக்கும், யாருக்கும் வர்றதுதான். அதான் சுரண்டி எடுத்து, அதோட சொந்த நிறத்துக்கே கொண்டுவந்து வச்சிருக்கோம். எல்லாம் லெஸ்டர் கைவேலை. ஒரு சென்ட் நீ தரவேண்டாம் வெர்னா. என்னோட அன்பளிப்பா வச்சுக்கோ."

வெர்னாவின் பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கம் வரைக்கும் இறங்கியிருந்தது.  கையை நீட்டி வண்டியை எடுத்து, தலைகீழாகத் திருப்பினாள். ஆணிமொட்டு இரண்டும் இல்லை. துளை போட்டு, அந்த இடத்தில் இரண்டு பொடித் திருகாணிகளை முடுக்கியிருந்தார்கள்.

"உங்ககிட்ட யாரு கேட்டா?" என்றாள்.

"ஏம்மா, நல்லது பண்ணா..."

"யாரு கேட்டான்னு கேக்கறேன் கிளிஃபர்ட். போட்டோ எடுக்கக் குடுத்த பொருளை சாயம் உரிக்கற மருந்துல முக்கச் சொல்லி எந்த நாள்ல, எந்தக் காகிதத்துல நான் எழுதிக் குடுத்தேன்?"

"பாரு, இதுக்குத்தான் உங்கிட்ட முன்னாடியே சொல்லல. நீ உணர்ச்சிவசப்படுவே." கிளிஃபர்ட் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இன்னிக்கு ரெண்டு விஷயம் முடிக்கணும். ஒண்ணு, கோப்பை. அசல் சாயப் பிரிவுல அசல் இல்லாத வண்டிக்குக் குடுத்துட்டோம், திருப்பி வாங்கிக்கணும், வேற வழியில்ல. ரெண்டாவது, புத்தகம். பாக்கார்ட் பக்கம் திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுல, 'கத்தரிப்பூ நிறத்தில் காணப்படுபவை அனைத்தும் பிற்காலப் பூச்சு. ஒஹாயோவில் சிக்கிய ஒன்று ஆராய்ந்து நிரூபிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டிருக்கேன். பேரைப் போடல. உன் மரியாதைக்காக."

அமெரிக்காவில் வார்ப்புக் கார் சேகரிக்கிற ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் அந்தப் புத்தகம் இருக்கும். அதில் வந்துவிட்டால் வந்ததுதான். பேர் இல்லாவிட்டால் என்ன, ஒஹாயோவில் கத்தரிப்பூப் பாக்கார்ட் யாருடையது என்று தெரியாதவன் யார்? வருகிற வருஷம் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அவள் மேசைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வண்டியையும் திருப்பித் திருப்பிச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். முப்பத்தொரு வருஷம் உதிரிபாக ஜன்னலில் ஒரு திருகாணியைக்கூட மாற்றிக் கொடுக்காதவள், போலிச் சாயத்துக்குக் கோப்பை வாங்கியவளாகிவிடுவாள்.

"ஆலர்டன் கடிதம் என்னாச்சு?" என்றாள்.

"எண்பத்திரண்டு வயசு மனுஷன் வெர்னா. காலையில என்ன சாப்பிட்டார்னு அவருக்கு ஞாபகம் இருந்தாலே பெரிசு."

"உங்களுக்கு ஆகஸ்டுல சொன்னது அக்டோபர்ல ஞாபகம் இல்லையே," என்றான் மெர்வின், காபியை ஊற்றிக்கொண்டே. "உங்களுக்கு என்ன வயசு?"

கிளிஃபர்ட் அவன் பக்கம் திரும்பவில்லை. ஹார்லன் தொண்டையைச் செருமினார். அதற்குள் வெர்னா குறிப்பேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓரத்தில் எண் எழுதியிருந்தாள். கத்தினால் குரல் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். எண் போட்டால் உடையாது.

"லெஸ்டர், உங்கிட்ட மூணு கேள்வி."

லெஸ்டர் நாற்காலியில் நெளிந்தான். நாற்பது வயது ஆள், நகக்கண்ணில் எப்போதும் சாயம். ஃபேர்டன் வட்டாரத்தில் அடிபட்ட பொம்மைக் கார்களைப் புதுசாக்கித் தருகிறவன் அவன்தான். கிளிஃபர்டின் புத்தகத்தில் பின்பக்கத்தில் அவன் பெயர் விலாசத்தோடு வரப்போகிறது.

"என்னைய ஏன் வெர்னா இழுக்கறீங்க?"

"ஒண்ணாவது. எந்தத் தேதி உன்கிட்ட வந்துச்சு?"

"செப்டம்பர் பத்து. செவ்வாய்க்கிழமை."

அவள் எழுதினாள். "ரெண்டு. எதுல முக்கினே?"

"காபி டப்பாவுல. சாயம் உரிக்கிற மருந்து. இதுக்குன்னு புது டப்பா, புது மருந்து. தலைவர் அப்படித்தான் பண்ணச் சொன்னார், அடியில இருக்கற நிறத்தை மத்த வண்டிச் சாயத்தோட குழப்பிக்கக் கூடாதுன்னு."

"மூணாவது கேள்வி." பேனாவைக் கீழே வைத்தாள். "கத்தரிப்பூ உரிஞ்சு வந்ததும், அடியில என்ன நிறம் இருந்துச்சு?"

கேள்வி என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கியது. பின்னால் யாரோ அடித்த சாயமென்றால் அதற்குக் கீழே கம்பெனி அடித்த கறுப்போ கிரீமோ இருந்தே ஆகவேண்டும். மெர்வின் உதட்டுக்குக் கொண்டுபோன காபிக் கோப்பையை அப்படியே நிறுத்தினான்.

"சொல்லு லெஸ்டர்."

"அடியிலயா..." லெஸ்டர் கிளிஃபர்டைப் பார்த்தான். கிளிஃபர்ட் டோனட்டைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"உலோகம். வெறும் உலோகம். ஒரே பூச்சுதான் இருந்துச்சு. நான் அன்னிக்கே தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், 'சரி, கறுப்பு அடிச்சிடு'ன்னார்."



"அடப்பாவி," என்றான் மெர்வின். "அசல்தான்னு நிரூபிச்சுட்டு, அசலைத் தூக்கி டப்பாவுல போட்டுட்டீங்களா? மிஞ்சியிருந்த ஒரே ஒரு வண்டிய்யா!"

கிளிஃபர்டின் கழுத்து சிவந்துபோயிருந்தது. ஆனாலும் விடவில்லை. "முந்தி எவனாவது பழைய சாயத்தைச் சுத்தமா உரிச்சிட்டு அப்புறம் கத்தரிப்பூவை அடிச்சிருக்கலாம். அப்பவும் அடியில ஒண்ணும் இருக்காது. இதெல்லாம் ஆதாரமே இல்ல."

"அடித்தட்டைக் கழட்டாம எப்படி உரிப்பான்? ஆணிமொட்டைத் துளைக்காம எப்படிக் கழட்டுவான்?" வெர்னா லெஸ்டரிடம் திரும்பினாள். "உன் கைக்கு வரும்போது மொட்டு ரெண்டும் எப்படி இருந்துச்சு?"

"மூணு கேள்வின்னுதானே சொன்னீங்க," என்று முனகினான் லெஸ்டர்.

"நாலாவதை நம்ம தலைவரே எடுத்துக் குடுத்துட்டார்ல," என்றான் மெர்வின். "பதில் சொல்லுடா."

"முழுசா இருந்துச்சு. கம்பெனி அடிச்சது அடிச்சபடி. நான்தான் துளை போட்டேன்."

வெர்னா அதையும் எழுதினாள்.  துக்கமாக இருந்தால் அழுதிருப்பாள். இது துக்கமில்லை. இருபத்தாறு நாள். செப்டம்பர் பத்திலிருந்து இருபத்தைந்து நாளும் இன்று ஒரு நாளும். உண்மை தெரிந்துகொண்டே இந்த மனிதர் அந்த வரியைத் தட்டச்சு செய்திருக்கிறார், கைக்குட்டையைத் தேய்த்து மடித்துக்கொண்டு வந்திருக்கிறார், கைதட்டலுக்காக ஒரு நொடி நிறுத்தியும் இருக்கிறார்.

"அந்த வரியை எடுத்துடுங்க," என்றாள். "கத்தரிப்பூ உண்டுன்னு எழுதுங்க. அதை அழிச்சது நீங்கன்னும் எழுதுங்க."

"வெர்னா, கொஞ்சம் நிதானமா யோசி. ஒன்பது வருஷ உழைப்பு. இந்த ஒரு பக்கம் தப்புன்னு ஆச்சுன்னா, மிச்ச முந்நூறு பக்கத்தை எவன் நம்புவான்?" கிளிஃபர்ட் குனிந்து, காலடியில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் அட்டைப்பெட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இதை நீ எடுத்துக்கோ. கோப்பை விஷயத்தையும் விட்டுடறேன்."

கிரீம் நிறப் பாக்கார்ட். பெட்டியின் நாலு காதும் கிழியாமல், உள்ளே வண்டி ஒரு கீறல் இல்லாமல். வெர்னா ஒன்பது வருஷமாகத் தேடுகிற வண்டி. கிளிஃபர்டுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் விரல் பெட்டியைத் திறந்துவிட்டது. அந்தப் பின்விளக்குகளின் சிவப்புப் புள்ளிகளை ஒரு முழு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டும் என்றுதான் இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியை மூடி, மேசை மேல் திருப்பித் தள்ளினாள். வேகத்தில் அது டோனட்டில் போய் முட்டியது.

"விட்டுடறேங்கறீங்களா? கோப்பை என்ன நீங்க எனக்குப் போட்ட பிச்சையா?"

இப்போது ஹார்லன் சவப்பெட்டி விலை சொல்கிற அதே மெதுவான குரலில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நடந்தது நடந்துவிட்டது, சங்கம் ஒரு குடும்பம், இந்தப் பேச்சைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்றார். லோயிஸ் வழிமொழிந்தாள். ஆதரவாக ஹார்லன், லோயிஸ், கிளிஃபர்ட். எதிராக மெர்வின், வெர்னா. லெஸ்டர் இரண்டுக்கும் கை தூக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தீர்மானம் நிறைவேறுச்சு," என்றார் கிளிஃபர்ட்.

"நிறைவேறுச்சு. எழுதிக்கறேன்," என்றாள் வெர்னா. சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "கிளிஃபர்ட் ஸ்ட்ரேயர் செய்த காரியத்தை எழுதக்கூடாது என்று மூன்றுக்கு இரண்டு வாக்கில் முடிவு செய்யப்பட்டது." கையெழுத்துப் போட்டாள். தன் குறிப்பு இருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து மடித்துக்கொண்டாள், மிச்சக் குறிப்பேட்டை ஹார்லன் முன்னால் வைத்தாள். "இனிமே நீங்களே எழுதுங்க ஹார்லன். செத்தவங்களைப் பத்தி எழுதிப் பழக்கம் இருக்கே."

கறுப்புப் பாக்கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

வாகன நிறுத்தத்தில் அவள் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போது லெஸ்டர் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"வெர்னா, நில்லுங்க. என் மேல கோவப்படாதீங்க."

"ஏன் படக்கூடாது? டப்பாவுல முக்கினது யாரு கை?"

"அவர் சொன்னார்..."

"அவர் சொன்னா உன் வீட்டுக் கதவையும் சுரண்டுவியா? இருபத்தாறு நாள் உன் வீட்டுலயும் போன் இருந்துச்சு லெஸ்டர். என் நம்பர் உனக்குத் தெரியும்."

அவன் தன் பிக்கப் வண்டிக் கதவைத் திறந்து, முன்பக்கச் சாமான் பெட்டியைக் குடைந்து, புகைப்படச் சுருள் வருகிற கறுப்புக் குப்பி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். மூடியைத் திறந்தாள். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் சுருங்கிய தோல் தோலாகச் சாயச் செதில்கள், மருந்து போகக் கழுவிக் காயவைத்தவை.

"தூக்கிப் போட மனசு வரல," என்றான். "ஓரத்தை லென்ஸ்ல பாத்தா தெரியும். ஒரே அடுக்குதான், அடியில வேற எதுவும் ஒட்டல. ஆனா என்னைக் கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. அந்தப் புத்தகத்துல பேர் வந்தாத்தான் எனக்கு வேலை வரும். என் பேரைப் போடாதீங்க வெர்னா."

"அஞ்சு பேர் முன்னாடி வாயைத் திறந்து சொன்னே. நீ சொன்னதை நீ சொன்னதாத்தான் எழுதுவேன்."

"அய்யோ, கொஞ்சம் இரக்கம் காட்டுங்களேன்."

"காட்டறேன். அன்னிக்கே நீ தலைவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதையும் சேத்து எழுதறேன்."

வீட்டுக்கு வரும்போது மணி பத்து ஐம்பது. தபால் நிலையம் பன்னிரண்டுக்கு மூடிவிடும். புத்தகம் போடுகிறவர்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறார்கள். சனிக்கிழமை அங்கே போன் எடுக்க ஆளில்லை, இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள். விரைவுத் தபாலில் போட்டால் திங்கள் காலை பத்து மணிக்குள் பதிப்பாசிரியை இங்கிராம் கையில் சேரும். சமையலறை மேசையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்து, கார்பன் தாளோடு இரண்டு காகிதம் செருகினாள்.

முதல் தாளில் திருடன், பொய்யன், என்னை ஊர் முன்னால் முட்டாளாக்கியவன் என்று எட்டு வரி போயிற்று. படித்துப் பார்த்தாள். எட்டு வரியும் உண்மை. ஆனாலும் எட்டையும் கசக்கிப் போட்டாள். கோபக்காரக் கிழவி என்று அந்த அம்மாள் ஒதுக்கிவிட ஒரு வரிகூடக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது தாளில் எண் போட்டாள்.

ஒன்று, வண்டி எந்தத் தேதியில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது. இரண்டு, கொடுக்கும்போது அதன் எடையும், பெயர்ந்திருந்த மூன்று பொட்டும், ஆணிமொட்டு இரண்டும். மூன்று, திரு. ஆலர்டனின் கடிதம், நகல் இணைப்பு. நான்கு, திரு. லெஸ்டர் கீஃபர் ஐந்து பேர் கேட்கச் சொன்னது, அவர் வாய்ச்சொல்லாகவே, தொலைபேசியில் சொன்னதும் கிடைத்த பதிலும் உட்பட. ஐந்து, உரித்த சாயம், இதனுடன். எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாவது எண்ணைத் தட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி பதினொன்று இருபத்தைந்து. பிறகு நிறுத்தாமல் அடித்தாள்.

"ஆறு. பெயரைப் போடவில்லை என்று திரு. ஸ்ட்ரேயர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். என் பெயரைப் போடுங்கள். வெர்னா ஓபர்ஹோல்ட், ஃபேர்டன், ஒஹாயோ. கத்தரிப்பூ நிறப் பாக்கார்ட் என்னிடம் இருந்தது, அசலாக இருந்தது, அதை அழித்தவர் உங்கள் நூலாசிரியர். இந்த மூன்றில் எதையாவது விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை அச்சிட்டால், இதே கடிதத்தின் நகல் நாட்டில் உள்ள எழுபத்து மூன்று சங்கங்களுக்கும் போகும். விலாசங்கள் என்னிடம் இருக்கின்றன. உறைகளை இன்று மாலையே எழுதத் தொடங்குகிறேன்."

செதில்களில் பாதியை மெழுகுத்தாளில் மடித்தாள். மறுபாதியைக் குப்பியிலேயே விட்டு, மூடியை அழுத்தி, அட்டைகள் இருக்கிற இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். எல்லாவற்றையும் பெரிய உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டாள். வழியில் எதிர்ப்பட்ட ரயில்வே கேட்டைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குத் தபால் நிலையத்தில் நின்றாள். ஜன்னலில் இருந்த பெண் கம்பிக்கதவைப் பாதி இறக்கியிருந்தாள்.

"மூடப்போறோம்மா."

"பன்னிரண்டுக்குத்தான் மூடணும். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

அந்தப் பெண் பெருமூச்சோடு கதவை ஏற்றினாள். படிவத்தை நீட்டினாள். வெர்னா அதை நிரப்பி, கடைசியாக ஒரு தடவை தாள்களை எண்ணிப் பார்த்து, உறையின் மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தினாள்.

"உள்ள உடையற சாமான் ஏதாவது இருக்கா?"

"உடைக்கறதை எல்லாம் ஏற்கெனவே உடைச்சாச்சு," என்றாள் வெர்னா.

அந்தப் பெண் அவளை ஒரு பார்வை பார்த்தாள். உறையின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் திறந்திருந்த சாக்குக்குள் வீசினாள்.